மூன்றாவது சீட்டு

ரபாத் அருங்காட்சியகத்தின் நிலவறையில்
பதினான்காம் இழுப்பறை எப்போதும் சிக்கும்.
முழங்காலால் ஒரு இடி கொடுத்தால்தான் வரும்.
உள்ளே பஞ்சுக்கு நடுவில்
ஒரு கீழ்த்தாடை.
எட்டு வயதிருக்கலாம் என்றார்கள்
அதற்கு.

சுரங்கத்தில் பாரைட் வெட்டிய பாஸ்ஸு
கடப்பாரை நுனியில் தட்டுப்பட்டதைத்
தொப்பியில் ஏந்திக்கொண்டு மேலே வந்தான்.
ஆட்டெலும்பு, போட்டுவிட்டு வேலையைப் பார் என்றான் மேஸ்திரி.
பாஸ்ஸு நாக்கால் தன் கடைவாய்ப் பற்களைத்
தடவிப் பார்த்துக்கொண்டான்.
கால் நாள் கூலியைப் பிடித்தார்கள்.

இத்தோ அப்போது வேலைக்குப் புதிது.
பிரெஞ்சு டாக்டர் சொல்லச் சொல்லத் தட்டினாள்.
அவளுடைய பொறியில் ஒரே ஒரு எழுத்து மட்டும்
வரியைவிட்டு மேலே துள்ளும்.
விலங்குலகம், முதுகெலும்புள்ளவை, பாலூட்டி, முதனி,
நாட்டிலிருந்து கதவு எண் வரை
கடித உறையில் இறங்குவது மாதிரி.
குடும்பம் என்ற இடத்தில்
கொரில்லாவும் சிம்பன்சியும் உட்கார்ந்திருந்தன.
சிரித்துவிட்டாள்.
கல்யாணப் பந்தியில் நெருங்கிய சொந்தம் என்று
முதல் வரிசையில் இடம் பிடிப்பவர்கள் அவளுக்கும் உண்டு.

கடைசி வரி: நியாண்டர்தால்.
நாற்பதாயிரம் ஆண்டு.
பசை தடவி ஒட்டினாள்.

அந்த மாரியில் மகன் பிறந்தான்.
பதிவு அலுவலகத்தில் பெயர் சொன்னாள்:
சிஃபாவ்.
எழுத்தர் பட்டியலில் விரலை ஓட்டினார்,
மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே.
இது இதில் இல்லை.
இது பெயரே இல்லை, வேறு சொல்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
பிள்ளை அவள் தோளில் பாலைக் கக்கியது.
காகிதத்தில் வேறொருவனாக
வீடு வந்து சேர்ந்தான் சிஃபாவ்.

இரண்டாவது சீட்டில் ஒரு கேள்விக்குறி மட்டும்.
அதைச் சொல்லித் தட்டச் சொன்னவர் மாற்றலாகிப் போய்விட்டார்.
கேள்விக்குறி இருபது வருடம் பஞ்சில் கிடந்தது.

ஓய்வுபெற்ற பிறகு கூப்பிட்டு அனுப்பினார்கள்,
பழைய பதிவேட்டில்
அவள் கையெழுத்து யாருக்கும் பிடிபடவில்லை.
மடிக்கணினியோடு ஒரு பெண், ஃபத்தா,
நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தாள்.
அந்தக் குகையில் யாரோ நெருப்பு மூட்டியிருக்கிறார்கள்,
நெருப்புக்கடியில் சிக்கிமுக்கிச் சில்லுகள் கிடந்திருக்கின்றன,
கடைசியாகச் சுட்ட நாளிலிருந்து
கல் கணக்கு வைத்திருந்ததாம்.
மூன்று லட்சம் ஆண்டு.
நியாண்டர்தால் இல்லை, சேபியன்ஸ்.
மண்டை மட்டும் இன்னும் கொஞ்சம் நீளம்,
முகம் நம்முடையது.

சேபியன்ஸ் என்றால் அறிவுள்ளது என்பது
இத்தோவுக்குத் தெரியும்.
பட்டியலில் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட
ஒரே பிராணி.
அதை மட்டும் எந்த எழுத்தரும் தடுக்கவில்லை.

பிறந்த இடம் என்று என்ன போடுவது?
ஒரு ஊர் கிடையாது அம்மா, என்றாள் ஃபத்தா.
கண்டம் முழுக்க அங்கங்கே இருந்திருக்கிறார்கள்.
பாலைவனம் பச்சையானபோது சந்தித்து,
காய்ந்தபோது பிரிந்து.
கட்டம் ரொம்பச் சின்னது.

பிறகு பல்லைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள்.
உள்ளே மெல்லிய கோடுகள், நாளுக்கு நாள் படிந்தவை.
எண்ணிப் பார்த்தார்களாம்.
மெதுவாக வளர்ந்திருக்கிறது,
நம் பிள்ளைகள் மாதிரி.

மெதுவாக என்றால்
எட்டு வருடமும் யாரோ ஊட்டியிருக்கிறார்கள்.
மென்று கொடுத்திருக்கலாம்.
பால்பல் விழுந்தபோது
யாரோ வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்திருக்கலாம்.

போன மாதம்தான் சிஃபாவ்,
மீசை நரைத்தவன்,
இரண்டு சாட்சியும் ஒரு முத்திரைத்தாளுமாகப் போய்
தன் பெயரை வாங்கி வந்தான்.
ஒரு வாரம் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான்.

ஃபத்தா அச்சடித்த சீட்டில்
எழுத்தெல்லாம் ஒரே மட்டத்தில் நின்றன.
பழைய இரண்டையும் கிழிக்காமல்
மேலேயே ஒட்டச் சொன்னாள் இத்தோ.
ஓரம் தடித்தது.

ஆணா பெண்ணா, யாருக்கும் தெரியாது.
அதனால் இன்னும் அது என்றுதான் சொல்கிறார்கள்.
சொல்லட்டும்.
தூங்குகிற குழந்தையையும் அது என்றுதானே சொல்கிறோம்,
சத்தம் போடாதே,
இப்போதுதான் கண்ணயர்ந்தது என்று.

இழுப்பறை இந்த முறையும் சிக்கியது.
முழங்காலால் இடிக்கவில்லை அவள்.
இரண்டு கையாலும் மெல்ல
உள்ளே தள்ளினாள்.